மழ சைபரு, சோலியப் பாருங்க

காலை மணி எட்டரை. வேலுத்தாய் ஒரு காலி பாட்டிலைக் கண்ணாடிக் குவளைக்குள் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்பது அவருக்கும் தெரியும், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கும் தெரியும். பத்து நாளாக மேகம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் உதடு அசைய ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் பாட்டிலின் அடியை இரண்டு தட்டு தட்டுகிறார். பிறகு குவளையைச் சிமெண்ட் மேடையில் வைத்து, சேலையை ஒதுக்கிக் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணைக் குவளையின் அடிக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பார்க்கிறார். ஒன்றுமில்லாததை ஊற்ற ஒருவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தாண்டிக்குடிக்குக் கீழே, இரண்டாவது வளைவில் இருக்கும் எங்கள் சிறு காப்பி விவசாயிகள் சங்கத்தில் வேலுத்தாய்க்குப் பதவிப் பெயர் எதுவும் கிடையாது. கதவைத் திறப்பார், கூட்டுவார், கூட்டம் நடந்தால் டீ போடுவார். அத்தோடு பதினேழு வருடமாக மழைமானியைப் பார்த்து எழுதுகிறார். மழைமானி என்பது நான் சொல்லும் பெயர். அவருக்கு அது மழ டப்பா. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், அவ்வளவுதான் அதன் கட்டுமானம். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

நோட்டில் சைபர் போடுவதையும் நீங்கள் பார்க்க வேண்டும். உச்சியில் ஆரம்பித்து, இடப்பக்கமாக இறங்கி, சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே வாயை இறுக மூடுவார். "வாய் மூடாட்டி ஆறாப் போயிரும்ங்க" என்பார். எழுதி முடித்ததும் போனை எடுத்துச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் குரல் பதிவு போடுவார். "தாண்டிக்குடி. இன்னைக்கித் தேதி பன்னெண்டு. மழ சைபரு. சோலியப் பாருங்க." அவ்வளவுதான். இந்த நாலு வாக்கியத்துக்காக நூற்று எண்பத்தாறு காப்பித் தோட்டக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். பண்ணைக்காட்டில் கல்யாண வீட்டில் இருப்பவர்கூடப் பந்தியிலிருந்து எழுந்து போய்க் கேட்டுவிட்டு வருகிறார். சைபர் என்று தெரிந்தே கேட்கிறார்கள்.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர் ஞானவேல். கணிதத்தில் முதுகலை. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் கணக்கு நடத்திவிட்டு, அப்பா விட்டுப்போன நாலு ஏக்கரைப் பார்க்க மலையேறியவன். அதே குழுவில் நானும் எழுதுகிறேன். "அன்புடையீர்" என்று தொடங்கி, புள்ளி கமா வைத்து, உரம் எப்போது போடுவது என்பதுவரை எழுதுகிறேன். நாலு பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். அதில் ஒருவர் என் மைத்துனர். ஒளிப்பானேன், எனக்கு வேலுத்தாயைக் கண்டால் பொறாமை. பத்திரிகைக்காக இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். மனசுக்குள் பல நாள் 'இவள்' என்றுதான் ஓடும்.

இந்தப் பொறாமைக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பூஜ்ஜியத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். எந்த எண்ணோடு அதைக் கூட்டினாலும், எந்த எண்ணிலிருந்து அதைக் கழித்தாலும் அந்த எண் மாறாது. எதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியமே மிஞ்சும். அதால் எதையும் வகுக்கக் கூடாது என்று கரும்பலகை நிறைய எழுதிக் காட்டினேன். முன்வரிசையில் இருவர் தூங்கினார்கள். அப்போது வேலுத்தாய் டீத் தட்டோடு உள்ளே வந்தார். யாரோ விளையாட்டுக்கு, "என்ன வேலுத்தாயி, சார் சொன்னது வெளங்குச்சா?" என்று கேட்டார்.

"வெளங்குச்சுங்க" என்றார் வேலுத்தாய், தட்டை நீட்டியபடி. "கூட்டுனாலும் கம்முனு இருக்கும், கழிச்சாலும் கம்முனு இருக்கும். பெருக்குனா மட்டும் வெரசா வந்து இருக்கறத எல்லாம் முழுங்கிப்பிடும். எங்க வீட்டுக்காரர மாதிரி."

கூடம் அதிரச் சிரித்தார்கள். தூங்கிய இருவரும் எழுந்து என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். வேலுத்தாயின் வீட்டுக்காரரும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் இந்த மலையில் யாரைக் கேட்டாலும் பூஜ்ஜியம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வார்கள். என் பெயரில் இல்லை, வேலுத்தாயின் வீட்டுக்காரர் பெயரில். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் வாயில் சைபர் வேறு மாதிரிப் புழங்குகிறது. எங்கள் உறுப்பினர் திருமலைச்சாமிக்கு அறுபது ஏக்கர். கொஞ்சம் குசும்புக்காரர். வெயில் காயும் ஒரு காலையில் போன் போட்டு, "ஏ வேலுத்தாயி, ஒரு மில்லிமீட்டர்னா ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டராமே. என் அறுபது ஏக்கருக்கு இன்னைக்கி எத்தன லிட்டர் விழுந்துச்சு?" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஒங்க அறுபது ஏக்கருக்கும் சைபரு. பாறமேட்டுல சோலையம்மாளுக்கு முக்கா ஏக்கரு கெடக்குல்ல, அதுக்கும் சைபருங்க. இன்னைக்கி ஒரு நாளைக்கி நீங்களும் அவுகளும் ஒண்ணு" என்றார் வேலுத்தாய்.  இருபத்திரண்டு வருடம் பெருக்கலை நடத்திய எனக்கு இப்படி ஒரு கணக்குச் சொல்லத் தோன்றியதில்லை.

மழை பெய்த நாளிலும் அவருக்குச் சைபர்தான் முதல் கவலை. அளந்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டி, பாட்டிலைக் கவிழ்த்து, உதறி, புனலைத் துணியால் துடைத்து, மறுபடி கவிழ்த்துப் பார்ப்பார். "நேத்து மழ மிச்சமிருந்தா இன்னைக்கி மழையிலருந்து கழிக்கணும்ல சார். எம்புட்டுக் கழிக்கன்னு யாருக்குத் தெரியும்? சைபராக்கி வச்சுட்டா கழிக்கிற சோலியே இல்ல."

போன வருடம் தை மாதம் மகளின் பிரசவத்துக்கு அவர் பழநிக்குப் போயிருந்தார். நாலு நாள் மழைமானி என் பொறுப்பு. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. முதல் இரண்டு நாள் புனலுக்குள் எட்டிப் பார்த்து 0 போட்டேன். கவிழ்த்தல், எண்ணுதல், தட்டுதல் எதுவும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பனி மூட்டமாக இருந்தது. போகவில்லை. அன்று மழை பெய்யாதது ஊருக்கே தெரியும் என்பதால் திங்களன்று சேர்த்து 0 போட்டேன். குரல் பதிவும் நானே போட்டேன். "சார் கொரலு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கே" என்று ஒருவர் எழுதினார்.

பேத்தி பிறந்த சந்தோஷத்தில் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்தார் வேலுத்தாய். எனக்கு ஒரு கரண்டி கொடுத்துவிட்டு நோட்டைப் புரட்டினார். விரல் ஞாயிற்றுக்கிழமையில் நின்றது.

"சார், இது பாத்தீங்களா?"

"மழையே இல்லையே வேலுத்தாயி."

"இல்லன்னு பாத்தீங்களா, இல்லன்னு நெனச்சீங்களா?"

நான் பஞ்சாமிர்தத்தை விழுங்கினேன். அவர் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. என் பூஜ்ஜியத்தின் மேல் ஒரு சின்னக் கோடு போட்டார். பார்த்து, இல்லாத நாளுக்குச் சைபர். பார்க்காத நாளுக்குக் கோடு. அதுதான் அவர் சட்டம். மொத்த மழை இதனால் மாறப் போவதில்லையே என்று வாதாடினேன்.

"கூட்டும்போது அது கம்முனு இருக்கும் சார். சராசரி எடுக்கையில முப்பது நாளுன்னு வகுப்பீங்கள்ல, அப்ப அதுவும் ஒரு நாளா வந்து ஒக்காந்துக்கும். பாக்காத நாளுக்கு எதுக்குச் சார் எடம்?"

சரிதான். எனக்குத் தெரியாததும் இல்லை. தெரிந்திருந்தும் செய்யவில்லை என்பதை, ஒன்றும் தெரியாதவர் என்று நான் நினைத்தவர் கண்டுபிடித்ததுதான் எரிந்தது.

இந்த வருடப் பிப்ரவரியில் அடுத்தது. மாத அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு: மொத்த மழையை மழைநாட்களால் வகுத்து, ஒரு மழைநாளுக்குச் சராசரி எவ்வளவு என்று எழுத வேண்டும். பிப்ரவரியில் மொத்த மழை 0. இருபத்தெட்டு நாளும் அவர் பார்த்திருந்ததால் ஒரு நாளைக்குச் சராசரி 0 என்று முதல் கட்டத்தில் அவரே எழுதிவிட்டார். அடுத்த கட்டம் காலி. நான் பேனாவை வாங்கி அதிலும் 0 போடப் போனேன். காலியாக அனுப்பினால் மேலே கேள்வி கேட்பார்கள் என்ற சோம்பேறித்தனம்தான்.

"அது வேற சார்" என்று நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இருபத்தெட்டு நாளு இருக்கு, மழ இல்ல. ஆளுக்குச் சைபருன்னு பங்கு வைக்கலாம். மழநாளே ஒண்ணும் இல்லையே, யாருக்குன்னு பங்கு வைக்க? விருந்தாளி யாருமே வரல, ஆளுக்கு எத்தன இட்லி வச்சன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் வைக்கலன்னு சொல்லுவேன்."

"அப்பிடிச் சொன்னா, வந்தவுகளப் பட்டினி போட்டதா ஆயிரும்ல."

அந்தக் கட்டத்தில் கோடு போட்டு அனுப்பினார். கல்லூரியில் இந்த இடத்துக்கு வரும்போது நான் 'வரையறுக்கப்படவில்லை' என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு இடுவேன். பிள்ளைகள் நோட்டில் எழுதி அடிக்கோடு இடுவார்கள். ஒருவர் முகத்திலும் பட்டினி கிடந்த விருந்தாளியைப் பார்த்த ஞாபகமில்லை.

இனி கண்ணாடி விஷயம். நான் எழுத விரும்பாத பகுதி இதுதான்.

இந்த வருட ஜனவரி முதல் வாரத்தில் ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்த பழைய அளவுக் குவளையைக் குரங்கு இழுத்துப் போட்டுவிட்டது. மேல்பாதி நொறுங்கிப் போயிற்று. நான் திண்டுக்கல் போய்ப் புதிது வாங்கி வந்தேன். பழையதில் உச்சியில் 10 என்று இருக்கும், புதியதில் 20. இரட்டிப்பு அளக்கலாம், இனி கனமழைக்கும் ஒரே குவளை போதும் என்று பெருமையாகக் கொடுத்தேன். வேலுத்தாய் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒசரம் பழசு கணக்காத்தான் சார் இருக்கு. எண்ணு மட்டும் கூடியிருக்கு."

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?" என்றேன். அவர் புதியதை அலமாரியில் வைத்தார். உடைந்த குவளையின் அடிப்பாதியைக் குப்பையில் போடாமல் எடுத்துப்போய், மணலை நிரப்பி, அலுவலக முருகன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி குத்தி வைத்துவிட்டார்.

ஜனவரி பதினொன்றிலிருந்து மார்ச் பதினைந்து வரை புதுக் குவளையில் அறுபத்து நாலு நாள் அளந்தார். அறுபத்து நாலு நாளும் சைபர். மலை முழுக்க மொட்டு கட்டிக் காத்திருந்தது. காப்பிக்காரனுக்கு வருடத்தில் ஒரு மழைதான் உயிர். அது பூ மழை. மொட்டுக்கு ஒரு அங்குலம், அதாவது இருபத்தைந்து மில்லிமீட்டர் ஒட்டி விழுந்தால் ஒன்பது பத்து நாளில் செடி வெள்ளையாகப் பூக்கும். அரைகுறையாக விழுந்தால் ஆபத்து; தூங்கும் மொட்டைத் தட்டி எழுப்பிவிட்டு மழை போய்விடும், மொட்டு விரிய முடியாமல் சிவந்து கருகும். அப்போது ஓரிரு நாளுக்குள் எஞ்சின் வைத்துத் தெளிப்பான் போட்டு மீதித் தண்ணீரைக் கொடுத்தாக வேண்டும். சின்னத் தோட்டக்காரர் யாரிடமும் எஞ்சின் கிடையாது. பெருமாள்மலையில் கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மதுதான் இரண்டு எஞ்சினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மார்ச் மாதம் முழுக்க எங்கள் பக்கம் சுற்றுவார். ஆகவே எத்தனை மில்லிமீட்டர் என்ற எண்ணில்தான் அந்த வருடமே நிற்கிறது.

மார்ச் பதினைந்து சாயங்காலம் மழை வந்தது. மறுநாள் காலை எட்டு முப்பத்தைந்துக்கு வேலுத்தாயின் குரல் வரவில்லை. எட்டு ஐம்பதுக்கும் வரவில்லை. "அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று குழுவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தால் அவர் வேலிக்குப் பக்கத்தில் குவளையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு?"

"ஒரு தடவ முழுக்கொவள இருபது, மறுக்கா நாலு. இருபத்தி நாலுங்குது சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"கண்ணாடிதான் சொல்லுது. எனக்கு அப்பிடித் தெரியல. நேத்து தகரத்துல விழுந்த சத்தத்துக்கு இருபத்தி நாலு பெய்யல சார்."

"அறுபத்து நாலு நாளா இதுல தானே அளக்கிற? ஒரு நாளாச்சும் தப்பாக் காட்டுச்சா?"

"அறுபத்தி நாலு நாளும் நான் ஊத்துனதே ஒண்ணுமில்லையே சார். சைபரை எந்தக் கண்ணாடியும் சரியாத்தான் காட்டும்."

என்ன சொல்கிறார் என்று நின்று யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு முடிவு இருந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. மழையின் எண் என் கைக்கு வந்திருக்கிறது, குழு காத்திருக்கிறது, அவர் குரல் இன்னும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது இது மட்டும்தான். நோட்டில் என் கையாலேயே 24 என்று எழுதினேன். "அன்புடையீர், நேற்றைய மழை 24 மி.மீ. போதுமான பூ மழை. செயலாளர்" என்று குழுவில் போட்டேன். கால் மணி நேரத்தில் நாற்பத்தொரு கட்டைவிரல். மாலை போட்ட மாதிரி இருந்தது. பிச்சை முகம்மது கூப்பிட்டார். "செயலாளரே, இருபத்தி நாலுன்னா இனி எஞ்சினுக்குச் சோலி இல்ல. ரெண்டையும் சர்வீஸுக்கு விடணும். ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டு போயிட்டு நாலு நாள் கழிச்சு வர்றேன்" என்றார். தாராளமாகப் போங்கள் பாய் என்றேன்.

ஒன்பதே முக்காலுக்கு வேலுத்தாய் என் மேசைக்கு வந்தார். ஒரு கையில் புதுக் குவளை, மறு கையில் உடைந்த பழைய குவளையின் அடிப்பாதி. மணலைக் கொட்டிக் கழுவியிருந்தாலும் சாம்பல் கறை போகவில்லை. பழையதில் ஐந்தாம் கோடு வரை தண்ணீர் ஊற்றினார். அதை அப்படியே புதியதில் கவிழ்த்தார். வழக்கம்போல் பத்து எண்ணினார், இரண்டு தட்டு தட்டினார். தண்ணீர் பத்தாம் கோட்டில் போய் நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழைமானியில் இரண்டு ரகம் உண்டு, எங்களுடையதில் பாதிப் பரப்பே உள்ள சின்னப் புனல்வாய் வைத்த ரகமும் இருக்கிறது. நான் வாங்கி வந்தது, பாதித் தண்ணீரே சேரும் அந்தச் சின்ன வாய்க்கான குவளை. எங்கள் மழைமானியில் அது எதையும் இரண்டு மடங்காகத்தான் காட்டும். பெய்தது பன்னிரண்டு. மலை முழுக்க மொட்டைத் தட்டி எழுப்பிவிட்டு மழை பாதியில் போயிருக்கிறது, நான் போதும் என்று எழுதியிருக்கிறேன்.

"நீங்க எழுதுனத நான் எப்பிடிச் சார் மாத்துறது?" என்றார் வேலுத்தாய். "நீங்க மாத்துறீங்களா, நான் சொல்லவா?"

"பாப்போம். நீ போ" என்றேன்.

அப்போதே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. கட்டைவிரல் எழுபத்துமூன்று ஆகியிருந்தது. இன்று சாயங்காலமே இன்னொரு மழை வந்து கணக்கை நேராக்கிவிடாதா என்று ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம் கணக்கு நடத்தியவன் ஐந்தாம் வகுப்பு படித்தவரிடம் தோற்றான் என்று மலை சிரிக்குமே என்பதுதான் என் பயம். மொட்டு நினைவுக்கு வரவே இல்லை. வேலுத்தாய் கதவோரம் கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு, என்னைப் பார்க்காமல், "பாய் ஜீப்பு இப்பத்தான் நம்ம வளைவத் தாண்டுது சார். ரெண்டு எஞ்சினும் பின்னாடி கெடக்கு" என்றார்.

"நீயே சொல்லு" என்றேன்.

விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் போனை எடுத்தார். "தாண்டிக்குடி. காலையில இருபத்தி நாலுன்னு வந்தது தப்புங்க. பெஞ்சது பன்னெண்டுதான். மிச்சத்த நீங்கதான் ஊத்தணும். பிச்சை பாய், வண்டியத் திருப்புங்க. மொதல்ல சோலையம்மா தோட்டத்துல எறக்குங்க, பாறமேடு சீக்கிரம் காஞ்சிரும். இன்னைக்கி இதான் சோலி."

பிச்சை முகம்மது இறக்கத்தில் அடுத்த வளைவுக்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். இதையே நான் 'அன்புடையீர்' என்று எழுதி அனுப்பியிருந்தால் கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் படித்திருப்பாராம். "வண்டி ஓட்டுறப்ப எழுத்தை யாரு சார் படிக்கிறது? அக்கா கொரலுன்னா காது தானாப் போகும்" என்று என்னிடமே சொன்னார். அன்று சாயங்காலம் சோலையம்மாளின் முக்கால் ஏக்கரில் தெளிப்பான் சுற்றியது. பத்தாம் நாள் பாறைமேடு முழுக்க வெள்ளையாகப் பூத்தது. அதற்கும் பெயர் வேலுத்தாய்க்கே போயிற்று.

காலையில் தப்பாகச் சொன்னது யார் என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். "கண்ணாடிங்க" என்று மட்டும் ஒரு பதிவு போட்டார் வேலுத்தாய். வாங்கியது யார், எழுதியது யார் என்று ஒரு வார்த்தை இல்லை.

மத்தியானம் நோட்டைத் திருத்த உட்கார்ந்தேன். புதுக் குவளையில் அளந்த அறுபத்தைந்து நாளின் எண்களையும் பாதியாக்க வேண்டும். சைபரில் பாதி சைபர். அடுத்த நாளும் சைபரில் பாதி சைபர். அறுபத்து நாலு தடவை வாய் மூடிய அந்த வட்டங்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். எதுவும் அசைந்து கொடுக்கவில்லை. நான் வாங்கி வந்த குவளையால் கெட்டுப்போனது ஒரே ஒரு எண். அது என் கையெழுத்தில் இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குழுவில் எழுதினேன்: "தவறான குவளையை வாங்கியது நான். வேலுத்தாய் தடுத்தும் கேட்காமல் 24 என்று எழுதியதும் நான். ஞானவேல்." அன்புடையீர் போடவில்லை. இதை நேர்மை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் தவறைச் சேலைத் தலைப்பில் மறைத்துவிட்ட பெருந்தன்மையும் அந்த அம்மாளின் கணக்கிலேயே சேர்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. வேலுத்தாயுடையது.

மறுநாள் காலை எட்டரைக்குப் போனேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. மழைமானியின் பாட்டிலை எடுத்து, சரியான குவளை வரும்வரை இதுதான் என்று, உடைந்த அந்தப் பாதிக் குவளைக்குள் கவிழ்த்தார் வேலுத்தாய். பத்து எண்ணினார். இரண்டு தட்டு தட்டினார். குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து போனை எடுத்துப் பதிவுப் பொத்தானில் பெருவிரலை வைத்து, என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"இன்னைக்கி நீங்க சொல்லுங்க சார்."

 மூன்று வருடமாக ஆசைப்பட்டது இதற்குத்தான். நூற்று எண்பத்தாறு பேர் அந்தச் சின்னப் பெட்டிக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார்கள். நான் அண்ணாந்து வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "தாண்டிக்குடி. இன்னைக்கித் தேதி பதினேழு. மழை..." என்று ஆரம்பித்தேன்.

வேலுத்தாய் பெருவிரலை ஓரமாக இழுத்துப் பதிவை அழித்துவிட்டார். போனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மறு கையால் அந்த உடைந்த குவளையைத் தூக்கி, அதன் அடிக்கோடு என் கண்ணுக்கு நேராக வரும்படி பிடித்தார்.